அந்தரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆவடி மார்க்கெட் ரோட்டில் கஜபதி நடத்திவந்த வீடியோ கடையின் மாடியறையில், வார்டு தேர்தல் வேட்பாளர் உலகநாதனுக்கு உடம்பு காணாமல் போயிற்று.

தலை இருந்தது. கும்பிட்ட கைகள் இருந்தன. கீழே இரண்டு பாதங்கள் இருந்தன. கழுத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஏரித் தண்ணீர் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியின் பச்சைக் கரை மட்டும், கொடியில் காயப்போட்ட நாடா மாதிரி, ஆளில்லாமல் தண்ணீருக்கு மேல் தொங்கியது.

பக்கத்து நாற்காலியில் முழு உடம்போடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த உலகநாதன் இதைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாமா இது? நான் தண்ணியில முழுவிட்டேனா?”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த செலின் திரைக்கு அருகில் குனிந்தாள். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த கஜபதிதான் சொன்னார்: “முழுவல தலைவரே. கரைஞ்சிட்டீங்க.”

“எலெக்சனுக்கு எட்டு நாள் கீது, இப்பவே கரைச்சிட்டியா?”

தொண்ணூற்றாறாம் வருஷம், புரட்டாசி மாதம். கோவில்பதாகை வார்டில் உலகநாதன் சுயேச்சையாக நின்றார். வாளி சின்னம். ஏரியைத் தூர்வாரி வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் விடுவேன் என்பது அவருடைய வாக்குறுதி. அதைப் பத்து விநாடி விளம்பரமாக எடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கேபிள் டிவியில் ஓட்ட வேண்டும். பின்னால் ஏரி ததும்ப, முன்னால் உலகநாதன் கும்பிட்டு நிற்க வேண்டும். யோசனை செலினுடையது.

“ஏரிக்கரையிலயே நிக்க வெச்சி எடுத்தா போதாதா?” என்று கஜபதி முதலிலேயே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஏரியில் கண்ணுக்கெட்டிய வரை ஆகாயத்தாமரைதான். மதகுக்குப் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு மட்டும் சுத்தமான தண்ணீர் தெரிந்தது. செலின் அந்த நாலடித் தண்ணீரைப் படமெடுத்துவரச் சொல்லி, அதை ஒரு ஏரியாக்கினாள்.

அது எப்படியென்றால், வீட்டுத் தரையில் பூப்போட்ட ஓடு பதிப்பதைப் போலத்தான். ஓட்டின் வலது ஓரத்தில் பாதிப் பூ இருக்கும். இடது ஓரத்தில் மீதிப் பாதி இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் பூ முழுசாகிவிடும், எங்கே ஓடு முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. செலின் தண்ணீரை அப்படி ஒரு சதுரமாக வெட்டி, வலது ஓரத்து அலை இடது ஓரத்து அலையோடு சேரும்படி பெயிண்ட் மென்பொருளில் தூரிகையால் ஒட்டுப்போட்டாள். மேலும் கீழும் அதேபோல. அந்தச் சதுரத்தை வரிசையாக அடுக்கினால் எவ்வளவு பெரிய ஏரி வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஆனால் தண்ணீர் அசைய வேண்டுமே. அதற்குப் பதினாறு சதுரங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்த பதினாறு படங்கள். பதினாறாவது முடிந்ததும் மறுபடியும் முதல் படம் வரும்போது தண்ணீர் தூக்கிப்போட்ட மாதிரி ஒரு குதி குதிக்கும். அதனால் கடைசி நாலு படங்களில், முதல் படத்துக்கு முன்னால் எடுத்திருந்த நாலு படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். இப்போது தலையும் வாலும் சேர்ந்துவிட்டன. விட்டால் விடிய விடிய ஓடும், எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் செய்து முடிக்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவள் மத்தியானச் சாப்பாட்டை மறந்தாள்.

அடுத்தது உலகநாதனை அந்தத் தண்ணீருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. அதற்குத்தான் நீலத்துணி. பூந்தமல்லியில் ஒன்பது மீட்டர் லைனிங் துணி வாங்கி, மாடியறைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதன் முன்னால் ஆளை நிற்க வைத்துப் படமெடுத்து, மென்பொருளிடம் “நீலமாக இருப்பதையெல்லாம் ஓட்டையாக்கு” என்று சொன்னால், துணி இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிப் பின்னாலுள்ள ஏரி தெரியும். மனிதத் தோலில் நீலம் குறைவு, சிவப்பு அதிகம். அதனால் முகமும் கையும் தப்பித்துவிடும். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் அப்படித்தான் சொன்னது. நிற்பவர் நீல உடை போடக்கூடாது என்றும் சொன்னது. வெள்ளை போடக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

உலகநாதன் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி. போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. இரண்டும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை.

அப்புறம் ஏன் அவர் கரைந்தார்?

செலினுக்கு இது வெறும் புதிர் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் கஜபதியுடையது ஆகவில்லை. பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போகிறோம் என்று விற்பவர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. கஜபதிக்குப் பழைய வீடியோ மிக்ஸரே போதும். அதில் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை பெண்ணை வைக்கலாம், சுற்றிலும் ரோஜாப்பூ தூவலாம், கல்யாண வீடுகளில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் போனால், இருபத்தாறு வயது செலின் மறுபடியும் கீழே கவுன்டரில் உட்கார்ந்து வாடகைக் கேசட்டுகளை ரீவைண்ட் செய்து உறையில் போட்டு அடுக்க வேண்டும். மூன்று வருஷம் அதைத்தான் செய்தாள். இந்தப் பன்னிரண்டு நாளில்தான், காலையில் எழுந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

“உலகநாதன் படம் ஒழுங்கா வந்தா வெச்சிக்கிறேன்,” என்று கஜபதி சொல்லியிருந்தார். “வரலேன்னா பொட்டியக் கட்டிடலாம். கோச்சிக்காத.”

செலின் முதலில் துணியைச் சந்தேகப்பட்டாள். மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் சாயல் விழும், பார்த்திருப்போம். அதுபோல நீலத்துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி உலகநாதனின் வேட்டியில் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் அவர் துணியைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

கஜபதி விளக்கைச் சந்தேகப்பட்டார். “டியூப்லைட்டு நீலமாத்தான் அடிக்கும். அத்த அணைச்சிட்டு ஆலஜன் போடுவோம்.”

உலகநாதன் எதிர் வேட்பாளரைச் சந்தேகப்பட்டார். “தசரதன் திருவேற்காடு பக்கம் போய்வந்தான்னு சொன்னாங்க. யாரையோ பாத்து சூனியம் வெச்சிருக்கான்.”

“வெச்சா தலைவரே, தலையைத்தான் எடுப்பாங்க. உடம்ப எடுத்துட்டுத் தலைய உடுவாங்களா?” என்றார் கஜபதி.

“அதுவும் சர்தான்,” என்றார் உலகநாதன். ஆனாலும் முகம் தெளியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை இரண்டாவது முறை எடுத்தார்கள். டியூப்லைட்டை அணைத்தார்கள். ஆலஜன் விளக்குகளை ஏற்றினார்கள். கஜபதி ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தார். உலகநாதனைத் துணியிலிருந்து ஆறடி தள்ளி நிற்கவைத்தார்கள். அவரும் தம் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பழைய வேட்டிதான் கோளாறோ என்று புத்தம் புது வேட்டி, புது சட்டை. கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்து நின்றார்.

பத்து விநாடிக்கு இருநூற்று ஐம்பது படங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, இது ஓட்டையா இல்லையா என்று முடிவுசெய்ய மூன்று மணி நேரம் ஆகும். செலின் அவசரத்துக்கு முதல் படத்தை மட்டும் போட்டுப் பார்த்தாள்.

முந்தின நாள் வேட்டியின் மடிப்புகளில் அங்கங்கே நாலு வெள்ளைத் திட்டாவது மிச்சமிருந்தது. இன்று அதுவும் இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி தண்ணீர்.

செலின் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவள் செய்தது அத்தனையும் சரி. சரியாகச் செய்யச் செய்ய ஆள் இன்னும் மறைகிறார். அவளுடைய சுடிதார் துப்பட்டா பழைய வெள்ளை, பலமுறை துவைத்துப் பழுத்தது. அதை நீலத்துணிக்கு முன்னால் பிடித்து எடுத்துப் பார்த்தாள். அது அப்படியே நின்றது. கஜபதியின் கைக்குட்டையை வாங்கி வைத்துப் பார்த்தாள். அதுவும் நின்றது.

“அழுக்கு வெள்ளை நிக்குது. சுத்த வெள்ளை மறையுது,” என்றாள் தனக்குத்தானே.

“அழுக்குன்னு என் கைக்குட்டையையா சொல்ற?” என்றார் கஜபதி.

வரம்பைக் கூட்டிப் பார்த்தாள். வரம்பு என்பது என்னவென்றால், நீலம் எவ்வளவு தூக்கலாக இருந்தால் ஓட்டையாக்கலாம் என்று மென்பொருளுக்கு நாம் சொல்லும் அளவு. கூட்டினால் வேட்டி திரும்பி வந்தது; ஆனால் சுவர்த்துணியின் சுருக்கமும் நிழலும்கூட அழியாமல் நின்றுவிட்டன. உலகநாதன் ஏரிக்கு முன்னால் அல்ல, கிழிந்த சாக்குப்படுதாவுக்கு முன்னால் நிற்கிறமாதிரி இருந்தது. குறைத்தால் துணி சுத்தமாகப் போயிற்று. வேட்டியும் கூடவே போயிற்று. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டாக இருந்தன. ஏன் இருக்க வேண்டும்? ஒன்று நீலம், ஒன்று வெள்ளை.

இன்னொன்றும் இருந்தது. கரைந்துபோன அந்த வேட்டி இருந்த இடத்தில், முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு அந்தரத்தில் நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பொட்டு அசையாமல் இருந்தது. செலின் முதலில் திரையில் ஏதோ தூசி என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. மென்பொருளின் பிழை என்று நினைத்தாள். அன்றைக்கு அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கடையின் மரப்படி அதிர யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. உலகநாதனின் மனைவி கெங்கம்மாள். பின்னாலேயே உலகநாதன், நடுவில் மாட்டிக்கொள்ள மனமில்லாதவரைப் போல நான்கு படி தள்ளி.

“யாரு இங்க கம்ப்யூட்டரு?” என்றாள் கெங்கம்மாள்.

கஜபதி செலினைக் கைகாட்டிவிட்டு, ஒயர் சுற்ற ஆரம்பித்தார்.

“எம்மா பொண்ணு, என் ஊட்டுக்காரர உடம்பில்லாம தண்ணியில காட்டுறியாமே. கொயாவுல தண்ணி புடிக்கப் போனா நாலு பேரு எங்கிட்டயே கேக்குறாங்க. நல்ல நாளும் அதுவுமா தலையும் காலும் மட்டும் தண்ணியில மெதந்தா, பாக்குறவ நெஞ்சு இன்னா ஆவும்? எனுக்கு மஞ்சள் குங்குமம் வேணாவா?”

“யக்கா, நான் காட்டல. அதுவா மறையுது. எனக்கே புரியல.”

“புரியாதத ஏன் செய்ற?”

அந்தக் கேள்விக்குச் செலினிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க யக்கா. நீங்களே பாருங்க,” என்றாள்.

கெங்கம்மாள் உட்கார்ந்தாள். கணவனின் தலையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்து, திரையில் முழங்காலுக்குக் கீழே இருந்ததை உற்றுப் பார்த்தாள்.

“இது நான் வெச்ச மஞ்சளு.”

“எது?”

“இந்தப் பொட்டு. புது வேட்டிக்கு முனையில மஞ்ச வெக்காம கட்டுவாங்களா? நேத்து நான்தான் வெச்சிக் குட்த்தேன். வேட்டி எங்க? வேட்டி போய் மஞ்ச மட்டும் எப்டி நிக்கும்?”

செலின் வீட்டில் புதுத்துணியை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, சிலுவை போட்டு எடுத்துக் கட்டுவதோடு சரி. அதனால் அந்தப் பொட்டு என்னவென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அது தூசியும் இல்லை, பிழையும் இல்லை. வேட்டியின் ஒரு துண்டு. வேட்டி முழுவதும் மறைந்தபோது மறையாமல் நின்ற துண்டு. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேட்டி ஏன் மறைந்தது என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொட்டு ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

மென்பொருளில் மைச்சொட்டுக் குழல் போல ஒரு கருவி உண்டு. எந்தப் புள்ளியில் வைத்து அழுத்தினாலும், அந்தப் புள்ளியில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்களைக் காட்டும். பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் முழுசாக இருக்கிறது. மூன்றும் சமமாக மேலே இருந்தால் அது வெள்ளை. இந்தக் கருவியைச் செலின் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள், சுவர்த்துணியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். வேட்டியில் வைத்துப் பார்க்கவில்லை. வெள்ளையை எண்ணிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கண்தான் சொல்லிவிட்டதே.

மஞ்சள் பொட்டில் வைத்தாள். சிவப்பு இருநூற்று முப்பது, பச்சை நூற்றுத் தொண்ணூறு, நீலம் எழுபது.

ஓட்டை போடாத அசல் படத்தைத் திறந்து, பொட்டுக்குப் பக்கத்திலேயே வேட்டியின் வெள்ளையில் வைத்தாள். சிவப்பு நூற்றுத் தொண்ணூறு, பச்சை இருநூறு, நீலம் இருநூற்று நாற்பத்து நான்கு.

“நீலமா இருக்கு,” என்றாள் செலின்.

“இன்னா நீலம்? எம் வேட்டிய பாத்து நீலம்ன்றியா? பால் மாதிரி வெளுத்துக் குட்த்திருக்கேன்,” என்றாள் கெங்கம்மாள். பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டினாள். செலின் அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து விரல் நகக்கண்ணிலும் ஊதாக்கறை.

“யக்கா, வேட்டிக்கு நீலம் போட்டீங்களா?”

“போடாம? தெனம் ஒருதரம் போடுவேன். டிவியில வருதேன்னு புதுச ஒரு தண்ணி அலசி, ரெண்டு தரம் நீலத்துல முக்கி எடுத்தேன். பளிச்சின்னு தெரியணும் பாரு.”

கஜபதி ஒயர் சுற்றுவதை நிறுத்தினார். அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ பாதி புரிந்தது. மீதிப் பாதியைச் செலின் சொன்னாள்.

துவைத்த துணி நாளாக நாளாகப் பழுக்கும். பழுப்பு என்பது மஞ்சள் சாயல். அதில் ஒரு சொட்டு நீலத்தைக் கலந்தால் மஞ்சளை அது அமுக்கிவிடும். அதற்கும் மேல் ஒரு இழை நீலம் மிஞ்சினால் கண் அதை நீலம் என்று எடுத்துக்கொள்ளாது, “அடடா, என்ன வெள்ளை” என்று சொல்லும். மனிதக் கண்ணை அப்படி ஏமாற்றலாம். ஊரில் அத்தனை பேரும் ஏமாந்து சந்தோஷமாக இருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை, எண்தான் இருக்கிறது. மூன்றில் எது பெரிது என்று மட்டும் பார்க்கும். பழைய வேட்டிக்கு ஒரு முக்கு, நாலு திட்டாவது மிஞ்சியது. புதுசுக்கு இரண்டு முக்கு, முழுக்க மறைந்தது. செலினின் துப்பட்டாவும் கஜபதியின் கைக்குட்டையும் நீலம் காணாதவை. அதனால் நின்றன.

“அப்போ எம் மேல தப்புன்றியா,” என்றாள் கெங்கம்மாள். சத்தம் இறங்கியிருந்தது. இறங்கிய சத்தம்தான் செலினுக்குப் பயமாக இருந்தது.

“இல்ல யக்கா. உங்க வெளுப்பு அவ்ளோ நல்லாருக்கு. கம்ப்யூட்டருக்குத் தாங்கல.”

கெங்கம்மாள் இதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டுப் பார்த்தாள். பிடித்திருந்தது என்று தோன்றியது.

“சரி, நீலம் போடாத வேட்டி ஒண்ணு எடுத்தா,” என்றார் கஜபதி.

“ஊட்ல நீலம் போடாத வெள்ளத் துணியே இல்ல. தலகாணி ஒறைக்கும் போடுவேன். கடையில வாங்குற புதுசுலயும் ஆலைக்காரனே ஏத்தித்தான் அனுப்புறான். அலசி அலசி எறக்குறதுன்னா நாலு நாளாவும்.”

வேட்டியையே காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவை நம்பவைத்தால் என்ன என்று கஜபதி எடுத்துப் பார்த்தார். கேமரா நம்பியது. உலகநாதனின் முகம் காமாலை கண்டவர் மாதிரி ஆயிற்று. “ஓட்டு கேக்குற மூஞ்சியா இது, ஆஸ்பத்திரிக்கி வழி கேக்குற மூஞ்சி,” என்று அவரே சொல்லிவிட்டார்.

கெங்கம்மாள் இன்னும் திரையில் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மஞ்ச வெச்ச எடம் நிக்குதுல்ல?”

“நிக்குது.”

“முழுசா மஞ்சத்தண்ணியில முக்கிட்டா?”

செலின் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நீலத்துக்கு எதிர்த்தட்டில் இருப்பது மஞ்சள்தான். புத்தகத்தில் வண்ணச் சக்கரம் என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். செலின் அதை இரண்டு முறை படித்திருந்தாள்.

“முக்கலாம் யக்கா. ஆனா எவ்ளோ?”

“இரு,” என்று எழுந்தார் உலகநாதன். “மஞ்சத்தண்ணி ஆட்டுக்குத்தான் தெளிப்பாங்க, வெட்டுறதுக்கு முன்னாடி. மஞ்ச வேட்டி கட்டிகினு டிவியில நின்னா, மஞ்சக் கடுதாசி குட்த்துட்டான்னு தசரதன் ஊரெல்லாம் சொல்வான்.”

“நீ செத்த சும்மா குந்து,” என்றாள் கெங்கம்மாள். “மஞ்சளா தெரியாத அளவுக்குத்தான் போடணும். அதானே பொண்ணு?”

அதேதான். நீலம் மிஞ்சக்கூடாது, மஞ்சளும் மிஞ்சக்கூடாது.

அன்று மத்தியானம் மாடியறை சலவைத்துறை ஆயிற்று. கெங்கம்மாள் நீலம் போட்ட ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து ஐந்து கீற்றாகக் கிழித்தாள். ஐந்து கிண்ணத்தில் தண்ணீர். ஒன்றில் ஒரு சிட்டிகை மஞ்சள், அடுத்ததில் ஒன்றரை, அடுத்ததில் இரண்டு. நனைத்து, பிழிந்து, ஆலஜன் விளக்கின் சூட்டிலேயே காயவைத்து, நீலத்துணிக்கு முன்னால் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். கஜபதி படமெடுத்தார். செலின் சொட்டுக் குழலை ஒவ்வொரு கீற்றிலும் வைத்து எண்களைச் சொல்ல, கெங்கம்மாள் அதைக் கிண்ணத்து மஞ்சளோடு மனதில் பொருத்திக்கொண்டாள். முதல் கீற்று மறைந்தது. இரண்டாவது திட்டுத் திட்டாக நின்றது. மூன்றாவது முழுசாக நின்றது: சிவப்பு இருநூற்று இருபத்தெட்டு, பச்சை இருநூற்று இருபத்தாறு, நீலம் இருநூற்றுப் பதினான்கு. நீலம்தான் எல்லாவற்றிலும் சின்னது. நாலாவதும் ஐந்தாவதும் நின்றன, ஆனால் உலகநாதன் பயந்த மாதிரியே மஞ்சளாக இருந்தன.

கெங்கம்மாள் மூன்றாவது கீற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் சுருங்கிற்று.

“மோர் மாதிரி கீது. வெளுக்காத துணி மாதிரி. இத்தக் கட்டிகினு இவரு நின்னா, கெங்கம்மாவுக்கு ஒரு வேட்டி வெளுக்கத் தெரியலன்னு வார்டே பேசும். வேணாம். எனுக்கு இஷ்டம் இல்ல.”

கீற்றை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். நாளைக்குச் சனிக்கிழமை. இந்த அம்மாள் படியிறங்கினால் கம்ப்யூட்டரும் இறங்கிவிடும்.

“யக்கா, நில்லுங்க. படத்த வெட்டுற வரைக்கும்தான் நீலம் ஆவாது. வெட்டி எடுத்தப்புறம் போடலாம்.”

“எதுல போடுவ?”

“இதுல,” என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். “ஓட்டை போடுற வேலை முடிஞ்சிட்டா, அப்புறம் அது நீலத்தைத் தேடாது. அப்போ நான் வேட்டி சட்டைக்கு மட்டும் நீலம் ஏத்தித் தரேன். உங்க வெளுப்பு எப்படியோ, அப்படியே.”

“எத்தினி சொட்டு?”

சொட்டு என்று ஒரு கணக்கு மென்பொருளில் இல்லை. வேட்டிப் புள்ளிகளின் நீல எண்ணை எத்தனை கூட்டுவது என்பதுதான் உண்டு. செலின் யோசித்தாள்.

“இருபத்தாறு.”

கெங்கம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். “செஞ்சி காட்டு.”

செலின் மூன்றாவது கீற்றின் படத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்து, நீலத்தை இருபத்தாறு ஏற்றினாள். மோர் நிறம் மெல்ல விலகிற்று. துணி வெளுத்தது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துணி மறையவில்லை. கெங்கம்மாள் மடியிலிருந்த கீற்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஈரமே இல்லாம வெளுக்குற,” என்றாள். அது பாராட்டா, புகாரா என்று செலினுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் உலகநாதன் மோர் நிற வேட்டியும் சட்டையுமாக, தெருவில் யாரும் பார்த்துவிடாதபடி மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். போர்வையை எடுத்ததும் பத்து விநாடி கும்பிட்டார். உடனே மறுபடியும் போர்த்திக்கொண்டார். படங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றவே மத்தியானமாயிற்று. அதன்பின் ஓட்டை போட மூன்று மணி நேரம், வெளுக்க ஒரு மணி நேரம்.

ஐந்து மணிக்கு விற்பனைக் கம்பெனியின் ஆள் ஒரு படிவத்தோடு வந்தபோது, நால்வரும் திரையின் முன்னால் நின்றிருந்தார்கள். திரையில் கோவில்பதாகை ஏரி ஒரு தாமரையிலைகூட இல்லாமல் ததும்பியது. அதற்கு முன்னால் உலகநாதன், தலையிலிருந்து பாதம் வரை முழுசாக, கண் கூசும் வெள்ளையில் கும்பிட்டு நின்றார்.

“உடம்பு வந்துடிச்சி,” என்றார் உலகநாதன், தம் வயிற்றைத் தடவிக்கொண்டு.

“வெச்சுக்கிறீங்களா சார், எடுத்துகினு போவட்டுமா?” என்று வந்தவர் படிவத்தை நீட்டினார். “வேணாம்னா இந்தக் கட்டத்துல இன்னா கொறைன்னு காரணம் எழுதணும்.”

கஜபதி பேனாவை வாங்கினார். எழுதவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீலம் போட்டா ஆளு மறையறாரு. மஞ்ச போட்டா நிக்கிறாரு. நின்னப்புறம் அதே நீலத்தப் போட்டா மறையல. இதுல இன்னா காரணம்னு நான் எழுதுவேன்?”

“அண்ணே, அது ரொம்ப சுலபம். வெட்டுறது ஒரு வேலை, வெளுக்குறது வேற வேலை. மொதல்ல மூணு எண்ணு இருக்குல்ல…” என்று செலின் நாலாவது முறையாக ஆரம்பித்தாள்.

“வேணாமா. மூணாவது தரத்துலயே தல சுத்திச்சி.” கஜபதி வந்தவரிடம் திரும்பினார். “கொறை இன்னான்னே தெரியாத பொருள எப்டிபா திருப்பிக் குடுக்குறது? இருக்கட்டும்.” கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டார்.

செலின் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாள் இது எதையும் கவனிக்கவில்லை. திரைக்கு அருகில் குனிந்து, கணவனின் வேட்டியைக் கடையில் துணி பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு, இன்னும் ரெண்டு சொட்டு உடு.”

“யக்கா, மறுபடியும் ஒரு மணி நேரம் ஆவும்.”

“ஆவட்டுமே. அதான் பொட்டி எங்கியும் போவலியே,” என்று சொல்லி, கெங்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.